வழித்துணை



கல்வியின் பொருட்டுப் பிறநாடு செல்லும் மாணவன் அந்நாட்டைப் பற்றி எத்துணை நூல்களைக் கற்றுச் சென்றிருப்பினும், அவ்வூரான் ஒருவன் "வா, இன்று என்னோடு" என்று அழைத்துச் சென்று ஒருநாள் முழுவதும் சுற்றிக் காட்டிய பின்னரே அந்நாடு அவனுக்கு நாடாகத் தோன்றும். அதுவரை அது விடுதி அறையும், விரிவுரை மண்டபமும், கடவுச்சீட்டில் விழுந்த முத்திரையும் மாத்திரமே. இன்று இலங்கையிலிருந்து சீனப் பல்கலைக்கழகங்களுக்கு மருத்துவமும் பொறியியலும் பயில மாணவர் பலர் செல்கின்றனர். விடுமுறையில் வீடு திரும்புபவன் உம்மாவிடம் முதலிற் சொல்லுவது பேராசிரியரின் பெருமையை அன்று. சீன நண்பன் ஒருவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன்னை எங்கெங்கே கூட்டிச் சென்றான், என்ன உண்ணக் கொடுத்தான் என்பதையே.

சீனத்தில் இத்தகைய ஒருநாளைக் கழித்ததாகக் கூறிச் சென்ற பழைய யாத்திரிகர் ஒருவர் உளர். அவர் இலங்கைக்கும் வந்து போனவர். மொரோக்கோ நாட்டுத் தஞ்சா நகரில் 1304ஆம் ஆண்டு பிறந்து, மார்க்கச் சட்டம் பயின்று, தமது இருபத்தோராம் வயதிற் புறப்பட்ட இப்னு பதூதாவே அவர்.

மாலைதீவிலிருந்து கப்பலேறிய அவர் 1344இல் இவ்வீழத்தின் மேற்குக் கரையை அடைந்தார். அக்கரையில் அவரை வரவேற்றவர் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. சைவ மன்னர், ஆயினும் பாரசீக மொழி விளங்குபவர். முத்துக்களைக் காட்டி, வேண்டியதைக் கேளும் என்றார். வந்தவரோ பாவா ஆதம் மலையைத் தரிசிப்பதன்றி வேறொன்றும் வேண்டேன் என்றார். மன்னர் பல்லக்கும் சுமப்பாரும் கொடுத்ததோடு, ஆண்டுதோறும் அம்மலைக்குச் சென்று பழகிய யோகியர் நால்வரையும், பிராமணர் மூவரையும், தம் ஏவலர் பதின்மரையும், உணவுப் பொருள் சுமக்கப் பதினைவரையும் உடனனுப்பினார். முஸ்லிம் யாத்திரிகர் ஒருவருக்கு யோகியரும் பிராமணரும் வழித்துணை! நேயர்கள் இந்தக் காட்சியைச் சற்றே மனத்தில் இருத்திக்கொள்ளுதல் நன்று.

பின்னர் அவர் சீனம் சென்றதாகக் கூறுவது 1345, 1346ஆம் ஆண்டளவில். அங்கே சென்றாரா, பிறர் சொல்லக் கேட்டதைத் தம் கண்டதாகச் சொன்னாரா என்று ஐயுறும் ஆராய்ச்சியாளரும் உளர். ஐயம் எதுவாயினும், அவர் கூறிய செய்திகளிற் சில கேட்கத் தக்கவை. அவர் இறங்கிய துறைமுகம் ஸைத்தூன், இன்றைய சுவான்சோ. அந்நகரில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்றும் கிடைத்திருக்கின்றது. எனவே அத்துறையில் அரபு மொழியோடு தமிழும் ஒலித்த காலம் அது. அங்கிருந்து சென்று அவர் கண்ட கன்ஸா என்னும் நகரம், அதாவது இன்றைய ஹாங்சோ, உலகில் தாம் கண்ட நகரங்கள் யாவற்றினும் பெரியது என்கின்றார்.

சீனம் அழகிய நாடு என்று புகழும் அதே வாயால், அது தம் மனத்துக்கு உகக்கவில்லை என்றும் அவர் ஒளிக்காது சொல்லுகின்றார். வெளியே சென்றாற் பிடிக்காதவற்றைக் காண நேருமென்று பெரும்பாலும் வீட்டிலேயே இருந்துவிட்டாராம். முஸ்லிம் ஒருவரைக் கண்டால் உறவினரைக் கண்டாற்போல் இருந்ததாம். வெளிநாட்டு விடுதியில் முதல் மாதத்தைக் கழிக்கும் எந்த மாணவனும் இந்த வரிகளைத் தன் நாட்குறிப்பிலிருந்து எடுத்ததாகவே நினைப்பான்!

ஆனால், ஹாங்சோவில் நிலைமை மாறுகின்றது. அந்நகரத்துப் பேரமீர் குர்தை என்பவர் அவருக்கு விருந்தளித்தார். அமீர் முஸ்லிம் அல்லர் என்பது அவர் செய்த ஏற்பாட்டிலிருந்தே தெரிகின்றது: விருந்தினருக்காக முஸ்லிம் சமையற்காரரை வரவழைத்து, அவர்களைக் கொண்டே அறுக்கவும் சமைக்கவும் செய்தார், அத்தனை பெரிய பதவியில் இருந்தவர் தம் கையாலேயே உணவும் பரிமாறினார். பின்பு தம் மைந்தனை அழைத்து, விருந்தினரைக் கால்வாய்க்குக் கூட்டிச் செல்லுமாறு அனுப்பினார். ஒரு படகில் விருந்தினர். மற்றொரு படகில் இளைஞனும் பாடுவாரும் வாத்தியக்காரரும். சீனத்திலும் அரபியிலும் பாரசீகத்திலும் பாடினர். பாரசீகப் பாட்டொன்று அவ்விளைஞனுக்கு மிகவும் பிடித்துவிட, அதனையே திரும்பத் திரும்பப் பாடச் சொன்னான். கேட்டுக் கேட்டு இப்னு பதூதாவுக்கும் அது மனப்பாடமாயிற்று. அவர் ஓதிவைத்த அடிகள் ஷீராஸ் நகரத்து சஅதியின் கவிதையைச் சேர்ந்தவை என்று பிற்கால அறிஞர் கண்டறிந்தனர். சஅதி மறைந்து அப்போது அரை நூற்றாண்டளவே ஆகியிருந்தது. பாரசீகக் கவியின் பாடல், சீனக் கால்வாயில், மொரோக்கோ நாட்டாரின் செவியில்! கால்வாய் நிறைய வண்ணப் பாய்களும் பட்டுக் குடைகளும் கொண்ட படகுகள். அவற்றிலிருந்தோர் ஒருவர்மேல் ஒருவர் தோடம்பழமும் எலுமிச்சையும் எறிந்து விளையாடினர்.

அன்றிரவு அமீரின் இல்லத்தில் மாயவித்தைக்காரன் ஒருவன் வந்தான். துளையிட்ட மரப்பந்தை வானில் எறிந்தான். அதிலிருந்து தொங்கிய வாரைப் பற்றிச் சிறுவனொருவன் ஏறி மறைந்தான். பின்பு அவன் கையும் காலும் துண்டு துண்டாய் விழுந்தன. மீண்டும் அவன் முழுமையாய் எழுந்து நின்றான். இப்னு பதூதாவுக்கு நெஞ்சு படபடத்து, மருந்து கொடுக்க வேண்டியதாயிற்று. அருகிலிருந்த காழி, ஏற்றமுமில்லை, இறக்கமுமில்லை, வெட்டுமில்லை, எல்லாம் கண்கட்டே என்று சொல்லித் தேற்றினார். வேற்றூரில் எதைக் கண்டு அஞ்சலாம், எதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்று காதோடு சொல்ல ஒருவர் அருகில் வேண்டுமல்லவா? வழித்துணையின் தொழிலிற் பாதி அதுதான்.

இன்று ஹாங்சோ செல்லும் கல்முனை மாணவன் ஒருவனுக்கும் இதே வகையான ஏற்பாடு நடைபெறக் கூடும். அந்நகரில் பீனிக்ஸ் பள்ளி என்று வழங்கும் பழம் பள்ளிவாசல் இப்போதும் உண்டு. சீனத்தில் ஹலாலான உணவகங்களை "சிங்சென்" என்னும் சொல்லாற் குறிப்பர்; தூய்மையும் உண்மையும் என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். அவ்வெழுத்துக்களைத் தேடித் தெருத் தெருவாய் அலைந்து நண்பனுக்குக் காட்டுபவன் பெரும்பாலும் முஸ்லிம் அல்லாத வகுப்புத் தோழனே. குர்தை அமீர் செய்ததை அவனும் செய்கின்றான். அவன் அமீரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க வேண்டியதில்லை.

இனி, முறையை மாற்றிப் பார்த்தல் வேண்டும். அந்தச் சீனத் தோழன் ஒரு விடுமுறைக்குக் கல்முனை வருகின்றான் என்று வைத்துக்கொண்டால், அவனுக்கு எதைக் காட்டுவது?

அவனை வண்டியிலேற்றி அறுகங்குடாவுக்கோ பாசிக்குடாவுக்கோ கொண்டுபோய் இறக்கிவிடுவது எளிது. பலரும் அதைத்தான் செய்கின்றனர். அழகிய கடல் எங்குமுண்டு. அவன் நாட்டிலும் உண்டு.

இவ்விடத்தில் உண்மையாய் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லுதல் தகும். 1969ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுச் சிக்காகோப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் அக்கரைப்பற்றுக்கு வந்து தங்கினார். டெனிஸ் மக்கில்வ்ரே என்பது அவர் பெயர். பின்னாளில் கொலராடோப் பல்கலைக்கழகத்து மானிடவியற் பேராசிரியரானார். அவர் காண வந்தது கடற்கரையை அன்று. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இவ்வூர்களில் குடி என்றால் என்ன, வீடு யாருக்குரியது, கோயிலில் யாருக்கு என்ன உரிமை, பள்ளிவாசலில் மரைக்கார் எவ்வாறு நியமனம் பெறுகின்றார் என்பனவற்றையெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதினார். பின்னரும் பன்முறை வந்தார். 2008இல் வெளியான அவருடைய பெருநூல், அம்பாறைக் கரையின் தமிழரையும் முஸ்லிம்களையும் ஒரே அட்டைக்குள் வைத்துப் பேசுகின்றது. அவருக்கு வேலியின் இப்புறமும் அப்புறமும் நண்பர் இருந்தமையாலேயே அது இயல்வதாயிற்று. உள்ளூரார் பலருக்கு அந்த வசதி இல்லை என்பது வருந்தத்தக்க செய்தி.

சீன மாணவனின் நாள் விடியற்காலையில் கல்முனைக்குடிக் கடற்கரையிலே தொடங்கலாம். காற்றுச் சாதகமான மாதமாயின் கரைவலை இழுப்பதைக் காண்பான். வலையின் இரு கயிறுகளையும் இரு அணியினர் பற்றி, ஒருவர் குரலெடுக்க மற்றையோர் ஏற்க, அடிமேல் அடிவைத்துப் பின்னோக்கி நடப்பர். நண்பன் அவனையும் கயிற்றைப் பிடிக்கச் சொல்ல வேண்டும். பார்த்துக்கொண்டு நிற்பவனுக்குக் கரைவலை விளங்காது. அக்கடற்கரையிலேயே நாகூர் சாகுல் ஹமீது வலியின் நினைவாக எழுந்த கடற்கரைப் பள்ளி இருக்கின்றது. ஏறத்தாழ 200 ஆண்டுகளாக அங்கே ஆண்டுதோறும் கொடியேற்றம் நடைபெற்று வருகின்றது. இத்தகைய விழாக்கள் மார்க்கத்துக்கு ஏற்றவையா என்று வினவுவோரும் ஊரில் உளர். அவ்விவாதத்தை விருந்தினனிடம் மறைப்பதற்கு யாதொரு காரணமும் இல்லை. வீட்டுக்குள் நடக்கும் வாதத்தைக் கேட்டவனே வீட்டை அறிந்தவன்.

அங்கே நிற்கும்போது அவன், 2004 டிசம்பர் 26ஆந் திகதியைப் பற்றிக் கேட்பான். கேளாவிடினும் சொல்ல வேண்டும். அந்த ஞாயிறு காலையில், இலங்கையில் எல்லா மாவட்டங்களிலும் மிகுதியான உயிர்களை அம்பாறை மாவட்டமே இழந்தது, 10,000க்கு மேற்பட்டோர். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று ஊர்ப்பெயரை வரிசையாய்ச் சொன்னால், முஸ்லிம் ஊரும் தமிழ் ஊருமாக மாறி மாறி வரும். அலை அந்த வரிசையை அறியவில்லை.

பின்பு மருதமுனைக்குச் சென்று கைத்தறியைக் காட்டலாம். பட்டு நெய்த நாட்டிலிருந்து வந்தவன், பருத்திச் சாரத்தின் கரையை விரலால் தடவிப் பார்ப்பான். தறிகள் முன்போல் மிகுதியாக இல்லை. அதையும் சொல்லுதல் வேண்டும்.

நண்பகல் உணவு வீட்டிலே. சஹன் என்னும் பெருந்தட்டைச் சுற்றிப் பலர் அமர்ந்து ஒன்றாய் உண்ணும் வழக்கம் அவனுக்கு வியப்பளிக்காது. மேசையின் நடுவே பொதுவாய் வைத்த கறிகளை எல்லோரும் எடுத்துண்ணும் வழக்கம் சீனத்திலும் உண்டு. குச்சி இல்லாமையே அவனுக்கு இடர். அவனை வியப்பில் ஆழ்த்துவது வேறொன்று. "இது உன் தந்தையின் வீடா?" என்று அவன் கேட்பான். "இல்லை மச்சான், இது உம்மாவின் வீடு, வாப்பா இங்கே மாப்பிள்ளையாய் வந்தவர்" என்று நண்பன் விடை கூறுவான். தந்தைவழிப் பெயரும், தந்தைவழி முன்னோர் வணக்கமும், மணப்பெண் மாப்பிள்ளை வீடு செல்லும் வழக்கமும் வேரூன்றிய நாட்டிலிருந்து வந்தவனுக்கு இது தலைகீழ் உலகம். பெண்ணுக்கு வீடு, மாப்பிள்ளை அவ்வீட்டுக்கு வருபவன், பிள்ளைக்குத் தாயின் குடி. இவ்வழக்கம் முஸ்லிம்களுக்கு மாத்திரம் உரியதன்று. அயலூர்த் தமிழருக்கும் இதுவே. திமிலரோடு நடந்த போரில் முக்குவருக்கு முஸ்லிம்கள் துணைநின்றதாகவும், அதனால் இரு சாராருக்கும் மண உறவு ஏற்பட்டதாகவும் மட்டக்களப்பு நாட்டு ஐதிகம் கூறும். ஐதிகம் வரலாறு ஆகாது எனினும், இரு சமூகத்தாரும் குடி என்ற ஒரே சொல்லைக் கையாளுவது கண்கூடு.

இவ்வழக்கின் பெருமையை மாத்திரம் பேசி நிறுத்துவது நேர்மையன்று. ஒவ்வொரு பெண்மகளுக்கும் ஒரு வீடு கட்ட வேண்டியிருப்பதாற் கடல் கடந்து வளைகுடா நாடுகளில் ஆண்டுக்கணக்காய் உழைக்கும் தந்தையரும் தமையன்மாரும் எத்தனை பேர்! தங்கைக்கு வீடு முடியும்வரை தன் திருமணத்தைத் தள்ளிவைத்த காக்கா ஒருவர் இல்லாத தெரு உண்டோ?

மாலையில் காரைதீவு. சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடைப்பட்ட தமிழ் ஊர். 1892இல் அங்கே பிறந்த சுவாமி விபுலாநந்தர், 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும் விளங்கினார். பழந்தமிழரின் யாழை ஆராய்ந்து அவர் செய்த யாழ்நூல் 1947இல் அரங்கேறியது; அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார். அவ்வூர்க் கண்ணகி அம்மன் கோயிலும் பெயர் பெற்றது. வைகாசியில் அங்கே குளிர்த்தி நடைபெறும்.

இவ்விடத்திலேதான் வழித்துணைக்குச் சோதனை. விருந்தினன் யாதொரு தயக்கமுமின்றிக் கோயில் வாயில்வரை செல்லுவான். செருப்பை எங்கே கழற்றுவது என்று கேட்பான். பக்கத்து ஊர் முஸ்லிம் நண்பனோ, தன் வாழ்நாளில் அவ்வீதியில் பேருந்தின் சாளரத்தினூடே அன்றிக் கால்வைத்தறியாதவனாக இருக்கலாம். சாய்ந்தமருதின் கடற்கரைத் தெருக்களை அறியாத காரைதீவு இளைஞனும் அவ்வாறே உளன். 1985இலும் 1990இலும் இக்கரையில் நடந்தவை அத்தகையன. வீடுகள் எரிந்தன, இரு பக்கத்திலும் உயிர்கள் மாண்டன. அந்நாள்களைக் கண்டவர்கள் தங்கள் பிள்ளைகளை எல்லைக்குள் வைத்து வளர்த்தனர். அவர்களைக் குறைகூறுவதற்கில்லை. ஆயினும் அவ்வெல்லைகள் என்றும் இருந்தவை அல்ல. 1960களில் கல்முனையில் கவிஞர் நீலாவணனைச் சூழ்ந்து வளர்ந்த எழுத்தாளர் கூட்டத்தில் இளைஞர் எம். ஏ. நுஃமான் இருந்தார். பின்னாளில் பலஸ்தீனக் கவிஞரைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் அவரே. ஓர் ஊரார் மற்ற ஊராரின் திண்ணையிலிருந்து கவிதை படித்த காலம் நினைவுக்கு எட்டாத காலமன்று.

ஆகவே சீன மாணவனுக்குக் காரைதீவைக் காட்ட முற்படும் கல்முனை இளைஞன், முன்னதாகக் காரைதீவில் ஒரு தோழனைத் தேடிக்கொள்ள வேண்டியவனாகின்றான். பல்கலைக்கழகத்தில் உடன் பயில்பவனோ, வங்கியில் அடுத்த மேசையில் இருப்பவனோ போதும். தொலைபேசியில் அழைத்து, "இப்படி ஒருவர் வந்திருக்கிறார், உங்கள் ஊரைக் காட்ட முடியுமா?" என்று கேட்பான். அவனும் மகிழ்ந்து வருவான். தமிழர் வீட்டுத் திண்ணையில் மூவருக்கும் தேநீர் வரும். வீட்டுக்காரத் தாய் சீனப் பிள்ளையை விட்டுவிட்டுக் கல்முனைப் பிள்ளையைத்தான் முதலில் விசாரிப்பார்: எந்தத் தெரு, யாருடைய மகன், எந்தக் குடி? விடை சொல்லச் சொல்ல, அறிந்த பெயர் ஏதேனும் ஒன்று வந்தே தீரும். அவருடைய தந்தையின் வயலை முன்பு செய்தவரின் பெயராகவும் அது இருக்கலாம்.

சீன மாணவன் இவற்றையெல்லாம் அரைகுறையாகவே விளங்கிக்கொள்வான். நூலிற் கற்ற தமிழோடு வந்தவனாயின், "மறுகா வாருங்கோ" என்பதிலேயே தடுமாறுவான். மறுகா என்றால் பிறகு என்று இருவரும் ஒரே குரலில் விளக்குவர். தமிழ் பயின்ற சீனர் என்பது நேயர்களுக்குப் புதுமையன்று. 1963 ஆகஸ்டிலிருந்து பெய்ஜிங் வானொலி தமிழிற் பேசியதைச் சிற்றலையில் கேட்டு, அந்நிலையத்துக்குக் கடிதமும் எழுதியவர்கள் இக்கரையில் இருந்திருப்பர்.

ஊர் திரும்பும் முன் அவன், மறுமுறை எப்போது வரலாம் என்று கேட்பானாயின் அதற்கும் விடை ஆயத்தமாக வைத்திருத்தல் நன்று. காரைதீவுக் குளிர்த்தி எப்போதும் வைகாசியில். கல்முனைக் கொடியேற்றம் ஜமாதுல் ஆகிர் மாதப் பிறைக்கணக்கில் வருவதால், ஆண்டுதோறும் ஏறத்தாழ பதினொரு நாள் முன்னோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். 2009, 2010ஆம் ஆண்டுகளில் இரண்டும் ஒன்றுக்கொன்று அண்மையில் வந்தன. அடுத்து அவ்வாறு வருவது 2042ஐ ஒட்டி. அப்போது வருபவன் இரண்டையும் ஒரே பயணத்திற் காணலாம். நண்பர் இருவருக்கும் முன்கூட்டியே எழுதிவிட்டால் போதும்.